யாருடைய இரண்டு மணி நேரம்?

"டைம் பத்தலண்ணா."

டிசம்பர் முதல் ஞாயிறு, மாலை 4 மணி. கிளாட் தேர்வு மையத்தின் வாசலில் நிற்கிறோம். எங்கள் படிப்பகத்திலிருந்து எழுதப் போன பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். கேள்வி கஷ்டமா என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். புரியவில்லையா என்றால் புரிந்தது என்கிறார்கள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு இந்த ஒரு வாக்கியம். சில வருடங்களாக இதையே கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறோம்.

அவர்கள் அதைச் சொல்கிற விதம்தான் எங்களை உறுத்துகிறது. ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொல்கிறார்கள். "எனக்கு டைம் மேனேஜ்மென்ட் வரலக்கா" என்று ஒரு தங்கை அழுதாள். இந்தச் சொல்லை அவளுக்கு யார் கொடுத்தார்கள்? கோச்சிங் சென்டர் விளம்பரமும் யூடியூப் வகுப்பும் கொடுத்தன. நேரம் எல்லோருக்கும் சமம், அதை நிர்வகிக்கத் தெரியாதது உன் குறை என்பதே அந்தச் சொல்லுக்குள் இருக்கும் செய்தி. நேரம் எல்லோருக்கும் சமமே இல்லை என்கிறோம் நாங்கள். வெறும் கோபத்தில் சொல்லவில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறோம்.

கிளாட் என்றால் என்னவென்று தெரியாத தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒரு வார்த்தை. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர எழுத வேண்டிய நுழைவுத் தேர்வு அது. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இதன் வழியாகத்தான் ஆள் எடுக்கிறது. பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களுக்கும் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர்களின் அலுவலகங்களுக்கும் இங்கிருந்துதான் நேர்ப் பாதை போகிறது. தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. நேரம் 120 நிமிடம், கேள்வி 120. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். விண்ணப்பக் கட்டணம் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கே 3,500 ரூபாய். அது எத்தனை நாள் கூலி என்பதை அவரவர் வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2019 வரை இந்தத் தேர்வு வேறு மாதிரி இருந்தது. 200 கேள்விகள், பெரும்பாலும் நேர்க் கேள்விகள். 2020இல் முறையை மாற்றினார்கள். இப்போது ஏறத்தாழ எல்லாமே பத்தி. ஆங்கிலம், நடப்புச் செய்தி, சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம் என எந்தப் பகுதிக்குப் போனாலும் 450 சொல் அளவுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து அதன் கீழே கேள்விகளை வைக்கிறார்கள். கணிதத்துக்குக்கூட ஒரு சின்னப் பத்தி உண்டு. மனப்பாடம் வேண்டாம், வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைச் சோதிக்கிறோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மனப்பாடத்தை எதிர்ப்பவர்கள்தானே நாமும் என்று நாங்கள்கூட அன்று தலையாட்டினோம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆங்கிலப் பத்திகள் எப்படி இருக்கும் என்று தேர்வை நடத்தும் கூட்டமைப்பே தன் பாடத்திட்டக் குறிப்பில் சொல்லியிருக்கிறது: பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ 5 முதல் 7 நிமிடத்தில் வாசிக்கக்கூடிய தரம். நாம் சொல்லவில்லை, அவர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலப் பகுதியில் 22 முதல் 26 கேள்விகள். 24 என்று வைத்துக்கொள்வோம். பத்திகள் குறைந்தது நான்கு. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்றால் இந்தப் பகுதிக்கு 24 நிமிடம். நான்கு பத்தியை ஐந்தைந்து நிமிடத்தில் வாசித்தால் 20 நிமிடம் போய்விடும். மீதி நான்கு நிமிடத்தில் 24 கேள்வி. கேள்விக்குப் பத்து விநாடி. கேள்வியைப் படித்து, நான்கு விடைகளைப் படித்து, யோசித்து, ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கருப்பாக்க எல்லாம் சேர்த்துப் பத்து விநாடி. ஏழு நிமிடம் எடுக்கும் மாணவருக்கு 28 நிமிடம் ஆகும். முதல் கேள்வியைப் பார்ப்பதற்கு முன்பே அவர் நான்கு நிமிடம் கடன்பட்டிருப்பார்.

ஆக, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இந்த வேகத்தில் வாசிப்பார் என்று எழுதி வைத்துவிட்டு, அந்த வேகத்தில் வாசிப்பவர் முடிக்கவே முடியாத தேர்வை நடத்துகிறார்கள். பிறகு யார்தான் முடிக்கிறார்கள்? அதே பத்தியை இரண்டரை நிமிடத்தில் வாசிப்பவர். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கிலத்தில் படித்து, வீட்டில் ஆங்கில நாளிதழ் வாங்கி, சாப்பாட்டு மேசையில் அப்பா அம்மாவோடு ஆங்கிலத்தில் வாதாடி வளர்ந்த பிள்ளைக்கு அது வருகிறது. கண் தானாக ஓடும். அந்த ஓட்டத்துக்கு அந்தப் பிள்ளை தனியாக உழைக்கவில்லை. தாத்தா வீட்டு நிலம் போல அதுவும் வந்து சேர்ந்த சொத்து.

நம் பிள்ளையின் பக்கம் வாருங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் உரைநடைப் பாடம் ஆறு. வருடம் முழுவதற்கும் ஆறு. அதையும் பாதிப் பேர் கைடு வைத்துத்தான் கடக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கிளாட் இரண்டு மணி நேரத்தில் இருபது பத்திகளைத் தூக்கிப் போடுகிறது. நம் பொதுத்தேர்வில் மூன்று மணி நேரம் எழுதலாம், அதற்கு முன்னால் கேள்வித்தாளைப் படிக்கவே தனியாகப் பத்து நிமிடம் உண்டு. அந்தப் பழக்கத்தில் வந்த பிள்ளை கிளாட் அறையில் முதல் பத்தியை ஒழுங்காக, மரியாதையாக, வரி வரியாக வாசிக்கும். பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கித் தந்த அதே பழக்கம் இங்கே அவளைக் கவிழ்க்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் புள்ளிவிவரத்தில் பிடிக்க முடியாது. எங்கள் மாதிரித் தேர்வு ஒன்றில் அத்துமீறி நுழைவது பற்றி ஒரு சட்டப் பத்தி. உரிமையாளர் அனுமதி இல்லாமல் அவர் நிலத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல்தான், என்ன நோக்கம் என்பது பொருட்டல்ல என்று விதி. கேள்வியில் ஒருவர் அடுத்தவர் வயல் வழியாக நடந்து போகிறார். அது அத்துமீறலா? இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை, ஆம் என்று போட்டுவிட்டுப் பத்து விநாடியில் அடுத்ததற்குப் போய்விடலாம். எங்கள் தம்பி ஒருவன் அந்தக் கேள்வியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் 'இல்லை' என்று போட்டான். ஏன் என்று கேட்டோம். "எங்க ஊர்ல சுடுகாட்டுக்குப் பாதை கிடையாதுண்ணா. பொணத்தத் தூக்கிட்டு வயல்லதான் எறங்கணும். அது எப்படி அத்துமீறல் ஆகும்?" என்றான்.

விடைக்குறிப்பின்படி அவனுக்குக் கால் மதிப்பெண் கழிந்தது. அந்த அறையிலேயே அன்றைக்குச் சட்டத்தைப் பற்றி உண்மையாக யோசித்தது அவன் ஒருவன்தான். வழிநடை உரிமை என்று சட்டத்தில் ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. அவன் கேட்டது அந்தக் கேள்வியைத்தான், அதன் பெயர் மட்டும் அவனுக்குத் தெரியாது. வயலும் வரப்பும் வெறும் எடுத்துக்காட்டாக இருப்பவருக்கு அந்தப் பத்தி லேசானது. அதில் பிணம் தூக்கி நடந்தவனுக்கு அது கனம். வாசிக்க நேரமாகும்.

'தகுதி' பேசுபவர்கள் இந்த இடத்தில் வழக்கமான பதிலோடு வருவார்கள்: வேகமும் ஒரு திறமைதானே, வழக்கறிஞருக்கு வேகம் வேண்டாமா? சரி, வேகம்தான் திறமை என்றால் பணக்காரர்கள் அதை எப்படி வாங்குகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். 2019 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு கல்லூரிச் சேர்க்கை ஊழல் வெளியே வந்தது. 'வர்சிட்டி ப்ளூஸ்' என்று எஃப்.பி.ஐ. அதற்குப் பெயர் வைத்தது. அதன் தரகர் வில்லியம் சிங்கர், பணக்காரப் பெற்றோர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழிகளில் ஒன்று இது: பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாக ஒரு சான்று வாங்குங்கள், தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். காசு கொடுத்து நேரத்தை வாங்கினார்கள். இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளின் தாய்மொழியே ஆங்கிலம். இந்தத் தேர்வுகளில் நேரம்தான் மதிப்பெண் என்பது உலகத்தில் எவருக்குத் தெரியாவிட்டாலும் பணக்காரருக்குத் தெரியும். உண்மையிலேயே குறைபாடுள்ள பிள்ளைகளின் உரிமையைத் திருடித்தான் அதைச் செய்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அதே நாட்டில் நடந்த இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே கல்லூரிக்குப் போக எழுதும் சாட் தேர்வின் வாசிப்புப் பகுதி பழைய முறையில் 65 நிமிடத்தில் ஐந்து நீண்ட பகுதிகள், 52 கேள்விகள். கணினி வழிக்கு மாறியபோது நீண்ட பத்திகளையே எடுத்துவிட்டார்கள். இப்போது 25 முதல் 150 சொல்லுக்குள் ஒரு சின்னப் பத்தி, அதற்கு ஒரே கேள்வி. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 64 நிமிடத்தில் 54 கேள்வி. சாட் ஒன்றும் சமூக நீதித் தேர்வு அல்ல, அதை எதிர்த்து அங்கேயும் நிறையப் பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பத்தியின் நீளமும் நிமிடத்தின் எண்ணிக்கையும் வானத்திலிருந்து இறங்கிய வேதம் இல்லை, மேசையில் உட்கார்ந்து நாலு பேர் எடுக்கும் முடிவு என்பது இதில் தெரிகிறது. கிளாட் நடத்துபவர்களே 2020இல் வைத்த 150 கேள்வியை 2024 தேர்வுக்கு 120 ஆகக் குறைத்தார்கள். குறைத்ததால் சட்டத்துறை இடிந்து விழுந்துவிட்டதா?

நம் நாட்டிலேயே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் உண்டு. இரண்டு மணி நேரத் தேர்வில் 40 நிமிடம். போராடிப் பெற்ற உரிமை அது. கூடுதல் நேரம் சலுகை அல்ல, சமமான களத்துக்கான ஏற்பாடு என்பதை இந்த அரசும் நீதிமன்றமும் ஒப்புக்கொண்ட இடம் அது. தமிழ்வழியில் படிப்பது குறைபாடு என்று நாங்கள் சொல்லவில்லை, யாரும் அப்படித் திரித்துக்கொள்ள வேண்டாம். கடிகாரம் எல்லோரையும் ஒரே மாதிரி அளப்பதில்லை என்ற கொள்கை ஏற்கெனவே ஏற்கப்பட்டுவிட்டது, மொழி என்று வரும்போது மட்டும் ஏன் வாயடைத்துப் போகிறார்கள் என்றுதான் கேட்கிறோம்.

நீட் தேர்வை 13 மொழிகளில் நடத்துகிறார்கள். ஜே.இ.இ. மெயின் தேர்வும் 13 மொழிகளில் நடக்கிறது. நீட்டை நாம் எதிர்க்கிறோம், குழுமூர் அனிதாவை இழந்த மாநிலம் இது, அந்தச் சண்டை தனி. மொழிபெயர்ப்பு முடியாத காரியம் இல்லை என்பதற்காகத்தான் அதை இங்கே சொல்கிறோம். கிளாட் தேர்வை மற்ற மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். இந்திய பார் கவுன்சிலே அதற்கு ஆதரவாக நின்றது. நிபுணர் குழு அமைத்திருக்கிறோம், ஏற்பாட்டுக்கு நேரம் வேண்டும் என்பது கூட்டமைப்பின் பதில். வேடிக்கையைப் பாருங்கள்! நம் பிள்ளைக்கு ஒரு பத்திக்கு இரண்டரை நிமிடம். அவர்களுக்கு மட்டும் நேரம் வேண்டுமாம்.

இட ஒதுக்கீடு இருக்கிறதே, பிறகு என்ன என்று நம்மவர்களே சிலர் கேட்பார்கள். இருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த வளாகங்களில் நாம் காவல் வேலைக்கும் கூட்டுகிற வேலைக்கும்தான் போயிருப்போம். ஆனால் ஒதுக்கீடு வாசலைத் திறந்த பிறகு, உள்ளே யார் போவது என்று நமக்குள்ளும் இந்தக் கடிகாரம்தான் பிரிக்கிறது. நகரத்தில் ஆங்கிலவழியில் படித்த நம் பிள்ளை முதலில் போகிறது. ஆதிதிராவிடர் நல விடுதியில் முப்பது பேருக்கு ஒரு செய்தித்தாளோடு படித்த பிள்ளை வாசலிலேயே நிற்கிறது. உடனே இதைப் பிடித்துக்கொண்டு கிரீமி லேயர் பேச வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: நகரத்துப் பிள்ளையை வெளியே தள்ளினால் விடுதிப் பிள்ளையின் ஆங்கிலம் வேகமாகிவிடாது. அந்த இடம் காலியாகும், பிறகு அது யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியும். மாற்ற வேண்டியது தேர்வை, நம் பட்டியலை அல்ல.

தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள். வட்டத் தலைநகரங்களின் நீதிமன்றங்களில் இன்று வன்கொடுமை வழக்குகளைக் கையில் எடுத்து நிற்கும் நம் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் அப்படி வந்தவர்கள்தான். அவர்களில் எத்தனை பேரால் 450 சொல் ஆங்கிலப் பத்தியை இரண்டரை நிமிடத்தில் முடித்திருக்க முடியும்? முடியாது என்பதற்காக அவர்கள் நடத்தும் குறுக்கு விசாரணை மோசமாகிவிட்டதா, போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

இதையெல்லாம் பேசிவிட்டு, வருகிற டிசம்பரில் தேர்வு எழுதப் போகும் தங்கையை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. அநியாயமான கதவு என்றாலும் இன்றைக்கு அதன் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. எங்கள் படிப்பகத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். கோச்சிங்கில் இதற்கே லட்சம் கேட்பார்கள்.

நடப்புச் செய்திப் பகுதியில் 28 முதல் 32 கேள்விகள் இருக்கும். அங்கேயும் பத்தி உண்டு, ஆனால் பல கேள்விகளுக்குப் பத்தியைப் படிக்காமலே விடை சொல்லலாம், ஏனென்றால் அங்கே சோதிப்பது நினைவை. நேராகக் கேள்விக்குப் போங்கள். தெரிந்தால் போடுங்கள், தெரியாவிட்டால் மட்டும் பத்தியில் தேடுங்கள். இங்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் மிச்சமாகும். மெதுவாக வாசிப்பவர் சேர்த்து வைக்கக்கூடிய ஒரே சேமிப்பு இதுதான், இதைச் சட்டப் பத்திகளில் செலவழியுங்கள். சட்டப் பத்தியில் இந்தக் குறுக்கு வழி செல்லாது. விதி பத்திக்குள்ளே இருக்கிறது, அதை ஒருமுறை நிதானமாக வாசித்தே ஆக வேண்டும். 'அன்லெஸ்', 'எக்செப்ட்', 'ஒன்லி இஃப்' போன்ற சொற்களைக் கண்டால் கோடு போடுங்கள், கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். பத்தியில் உள்ள விதிப்படி மட்டும் விடை. அந்த விதி நியாயமா என்ற கேள்வியைத் தொலைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், மாலையில் உட்கார்ந்து பேசுவோம். சுடுகாட்டுப் பாதைத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னோம். சொல்லும்போது எங்களுக்கே வாய் கசந்தது.

தெரியாத சொல்லில் நிற்காதீர்கள். வரி வரியாக மனதுக்குள் தமிழாக்காதீர்கள், இரட்டை நேரம் தின்னும் பழக்கம் அது. ஒரு பத்தி முடிந்ததும் "இவன் என்னதான் சொல்ல வர்றான்?" என்று தமிழில் ஒரே வரியில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். வந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். கணிதத்தில் 10 முதல் 14 கேள்வி, பத்தாம் வகுப்புக் கணக்குதான், சதவீதமும் விகிதமும். அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு நேரமில்லாமல் விட்ட பிள்ளைகளைப் பார்த்து எங்களுக்கு வயிறு எரிகிறது. நமக்குக் கை வந்த பகுதி அது, முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஓ.எம்.ஆர். தாளை ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிரப்புங்கள். கடைசியில் சேர்த்து நிரப்பலாம் என்று இருந்து, 18 விடை தெரிந்தும் வட்டம் போட முடியாமல் தாளைக் கொடுத்துவிட்டு வந்த ஒரு பிள்ளை எங்களிடம் இருக்கிறாள். கடிகாரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்காதீர்கள், அரை மணிக்கு ஒருமுறை போதும்.

இன்னொன்று, நம் பிள்ளைகளுக்கென்றே சொல்ல வேண்டியது. கால் மதிப்பெண் போய்விடுமே என்ற பயத்தில் சந்தேகம் வந்தால் விட்டுவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டால், நான்கு முறைக்கு ஒருமுறை சரியாக வரும்: ஒரு மதிப்பெண். மூன்று முறை தவறும்: முக்கால் மதிப்பெண் போகும். சராசரியில் பார்த்தால் நட்டமே இல்லை, கால் மதிப்பெண் மிச்சம். இரண்டு விடை நிச்சயம் தவறு என்று தெரிந்து மீதி இரண்டில் ஒன்றைப் போட்டால் லாபம் இன்னும் அதிகம். ஆனாலும் நம் பிள்ளை வெற்றாக விட்டுவிட்டு வருகிறாள். தப்பாகப் பேசினால் வகுப்பே சிரிக்கும், வாத்தியார் சாதியைச் சொல்லித் திட்டுவார் என்று பத்து வருடம் பழக்கப்பட்டவளின் கை அது. தவறு செய்யும் தைரியம்கூடச் சிலருக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

இந்தத் தந்திரங்களைக் கற்றுக்கொடுக்கும்போது ஒரு கேள்வி எங்களைக் குடைந்துகொண்டே இருக்கிறது. வாசிக்கும் பிள்ளையை ஓடும் பிள்ளையாக மாற்றிக்கொண்டிருக்கிறோமா? சட்டம் அவசரமாக வாசிக்கும் தொழில் அல்ல. ஒரு காற்புள்ளியில் ஒருவரின் விடுதலை தொங்கும் தொழில் அது. லண்டன் நூலகங்களில் நாள் முழுக்க உட்கார்ந்து படித்து 1922இல் கிரேஸ் இன்னில் வழக்கறிஞரான அண்ணல் அம்பேத்கரைத் தலைவர் என்று சொல்லும் நாம், "நிறுத்தாதே, ஓடு" என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவரிடமும் ஒரு தடவை கடிகாரத்தை நீட்டினார்கள். அரசியலமைப்பை எழுதி முடிக்க நிர்ணய சபை ரொம்ப காலம் எடுத்துக்கொண்டது, பணம் வீண் என்று பேச்சு கிளம்பியது. வரைவுக் குழுவைத் தத்தளிக்கும் குழு என்று ஓர் உறுப்பினர் கேலியும் செய்தார். 1949 நவம்பர் 25 அன்று அண்ணல் எழுந்து கணக்கோடு பதில் சொன்னார். இரண்டு வருடம், 11 மாதம், 17 நாள் ஆனது உண்மை. அமெரிக்கா நான்கு மாதத்தில் முடித்தது, ஆஸ்திரேலியாவுக்கு ஒன்பது வருடம் ஆனது. யாருடைய சட்டத்தில் எத்தனை பிரிவு என்று பாருங்கள், நம்முடையதில் 395. வந்த திருத்தங்கள் 7,635, சபையில் எடுத்துக்கொண்டவை 2,473. மற்ற நாடுகளின் சபைகளுக்கு இந்தச் சுமை இல்லை. மன்னியுங்கள், நேரமாகிவிட்டது என்று அவர் தலை குனியவில்லை. எவ்வளவு வேலை, எவ்வளவு சுமை, அதற்கு எவ்வளவு நேரம் என்று கேட்டவர்கள் முகத்துக்கு நேரே எண்களை வைத்தார்.

"டைம் பத்தல" என்று இனி சொல்லும் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறோம். கேட்க வேண்டியவை நமக்குத் தெளிவாகத் தெரியும். தமிழ்நாட்டு அரசு உருவாக்கிய திருச்சிப் பல்கலைக்கழகத்துக்கான தேர்வைத் தமிழ்நாட்டுப் பிள்ளை தமிழில் எழுத முடிய வேண்டும். அது வரும்வரை, அவர்களே எழுதி வைத்த 5 முதல் 7 நிமிடக் கணக்குக்குப் பொருந்தும்படி பத்திகளைக் குறைக்க வேண்டும், அல்லது நேரத்தைக் கூட்ட வேண்டும். தேர்ச்சி பெற்றவர்களில் எத்தனை பேர் எந்தப் பயிற்றுமொழியில் படித்தவர்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சட்டக் கல்லூரிகளின் வாசலைப் பரவலாக்க 'இடியா' என்ற அமைப்பை 2010இல் தொடங்கிய பேராசிரியர் ஷம்னாத் பஷீர், கிளாட் குளறுபடிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2019இல் அவர் இறந்துவிட்டார். அவர் கேட்ட கேள்விகளைக் கையில் எடுக்க நம் பக்கத்திலிருந்து ஆள் வேண்டும்.

அதற்கு முதலில் நமக்கு எண்கள் வேண்டும். அதனால் இந்த டிசம்பரில் எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். தேர்வு முடிந்த அன்று மாலையே, மறப்பதற்குள், ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை பத்தி இருந்தது, எத்தனையை முழுசாக வாசித்தீர்கள், எத்தனையைத் தொடவே முடியவில்லை, எந்தக் கேள்வியில் அதிக நேரம் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள். எந்த மொழியில் படித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். உங்கள் ஊர்ப் படிப்பகத்திலோ விடுதியிலோ யாராவது ஒருவர் அதையெல்லாம் சேர்த்து வையுங்கள். ஜனவரியில் எல்லோருடைய தாளையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டிப் பார்ப்போம்.

ஜெய் பீம்.